மத்தியானக் கனவு

சென்னைக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்றால் ஏரி. கோடையில் அதில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று பேப்பரில் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று டி.வி.யில் பார்ப்பார்கள். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உபரிநீர் போவது அடையாற்றில் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அங்கே சில வருஷம் குடியிருந்த எனக்கு அந்த ஊர் முதலில் ஒரு பஸ் பாயின்ட். பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் நின்று எங்களை அள்ளிக்கொண்டு போகும் இடம். ஏரிக்கரையில் ஏறி நின்று தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பல மாதம் ஆனது. பகலெல்லாம் தூங்குகிறவளுக்கு ஏரி எங்கே தெரியும்?

எனக்கு ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். பிளஸ் டூ முடித்து, டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு, 2011-ல் இங்கே வேலைக்கு வந்தேன். அந்தச் சமயத்தில் இந்தச் சாலை நெடுக ஆள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-லிருந்து நோக்கியா போன். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் திறந்தாயிற்று. பக்கத்திலேயே டெய்ம்லர் லாரி ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் உதிரி பாகம் செய்கிற சின்னக் கம்பெனிகள் கூடவே வரும். அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. லைனில் நிற்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஊர்ப்பெயர்தான் பெயர். செஞ்சி, செய்யாறு, திருப்பத்தூர், மன்னார்குடி. நான் 'உளுந்தூர்'.

பெண்கள் ராத்திரி ஆலையில் நிற்பது எங்கள் தலைமுறையில்தான் வந்தது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, இரவு 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், பாதுகாப்புக்கான நிபந்தனைகளோடு தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நைட் அலவன்ஸ் இல்லையென்றால் என் தங்கை நர்சிங் படித்திருக்க முடியாது. ஆனால் பஸ், டார்ச் லைட், செக்யூரிட்டி எல்லாவற்றையும் யோசித்தவர்கள், ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் எங்கே எப்படித் தூங்குவாள் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாய்த்து நிறுத்திய பெரிய பலகை. காருக்குள் வயர் எப்படி ஓட வேண்டுமோ அப்படியே அதன்மேல் படம் ஒட்டியிருக்கும். படத்தின் வளைவுகளில் கொக்கிகள். பலகை கன்வேயரில் மெல்ல நகரும். கூடவே நாமும் நகர வேண்டும். நம் ஸ்டேஷனுக்கு உண்டான வயர்களைக் கொக்கியில் போட்டு, முனையிலுள்ள டெர்மினலைக் கனெக்டரின் குறித்த ஓட்டைக்குள் தள்ள வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் பின்னுக்கு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. டிரெய்னிங்கில் முதல் வாரம் முழுக்க இந்த மூன்றும்தான். சத்தம் வராமல் விட்ட ஒரு வயர் எங்கோ ஒரு மலைப்பாதையில் யாருடைய ஹெட்லைட்டையாவது அணைத்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். பொய்யில்லை. அதனால் எங்கள் காது எப்போதும் அந்த 'டிக்'குக்காகவே காத்துக் கிடக்கும்.

சி ஷிஃப்ட் இரவு பத்துக்கு ஆரம்பம். பன்னிரண்டு வரை பேச்சும் சிரிப்புமாகப் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகுகூடச் சமாளித்துவிடலாம். மூன்று மணிக்கு மேல் வருவதுதான் கஷ்டம். கண் திறந்திருக்கும், கை ஓடும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள். உடம்பின் சூடு ஒரு நாளில் மிகவும் தாழ்ந்து நிற்பது அந்த விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் என்று பிற்பாடு படித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் வாயில் ஒரு கிராம்பு, கண்ணுக்குக் கீழே துளி அமிர்தாஞ்சன். செஞ்சிக்காரி பாட்டுப் பாடுவாள். லைன் லீடர் வருவது தெரிந்தால் பாட்டு மாஸ்க்குக்குள் போய்விடும். செய்யாறு அக்கா பக்கத்து ஸ்டேஷன்காரியிடம் வாய்ப்பாடு கேட்பாள். "பதினேழெட்டு எவ்ளோடி?" பதில் வரவில்லையென்றால் முழங்கையால் ஒரு இடி. திட்டு வாங்காமல் இன்னொருத்தியைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது.

ஊருக்குப் போனால் அம்மா கேட்பாள், "நின்னு வயர் சுத்துற வேலையில அப்படி என்னாடி அசதி?" நியாயமான கேள்விதான். கரும்பு வெட்டிவிட்டு வருகிற அப்பாவுக்கு என்னைவிட உடம்பு வலி கூடுதல். ஆனால் அப்பா களைத்து வரும்போது ஊரே களைத்து வந்திருக்கும். ஒரே நேரத்தில் கை கால் கழுவி, ஒரே திண்ணையில் உட்கார்ந்து, இன்றைக்கு வெயில் எப்படி, கங்காணி எப்படி என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் படுப்பார்கள். நாங்கள் களைத்து வரும் காலை ஏழரை மணிக்கு உலகம் தலைசீவிப் பவுடர் போட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வேன்களுக்கு நடுவே புகுந்து, கண் எரிய வீட்டுக்கு நடக்க வேண்டும். எங்கள் அசதியில் பாதி, அதைச் சொல்ல எதிரே ஆள் இல்லாத அசதி. அம்மாவுக்கு இதை அன்றைக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு மாதிரியான திண்ணை எங்களுக்கும் இருந்தது, அது பஸ். ஷிஃப்ட் முடிந்து ஏறினதும் ஐந்து நிமிஷத்தில் பஸ் முழுக்கத் தலைகள் சரிந்துவிடும். ஜன்னல் சீட்டுக்காரி கண்ணாடியில் சாய்வாள். பக்கத்தில் இருப்பவள் அவள் தோளில். அவள் யார், எந்த லைன், என்ன சாதி, கான்ட்ராக்டா பெர்மனெண்டா என்ற விசாரணை எதுவும் கிடையாது. ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம்: "செம்பரம்பாக்கம் வந்தா எழுப்பி விடு." முன்பின் தெரியாதவளிடம் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவள் நசரத்பேட்டையில் இறங்க வேண்டியவளாக இருப்பாள். தானும் தூங்கித்தான் இருப்பாள். ஆனாலும் சரியான இடத்தில் தொடையில் தட்டுவாள். எப்படி என்று கேட்காதீர்கள். ஸ்டாப் தாண்டிப் பூந்தமல்லி போய்த் திரும்பினவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பஸ்ஸில் ஆள் குறைவாக இருந்த நாட்களில்தான் நடந்தது. அந்த வருஷங்களில் நான் அதிகம் கேட்ட, அதிகம் சொன்ன வாக்கியம் 'எழுப்பி விடு' என்பதாகத்தான் இருக்கும்.

நான் குடியிருந்தது ஒரு லைன் வீட்டில். ஓனரம்மா முன்பக்கத்தில் இருந்தார். பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் குளியலறை. சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிற ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். என் அறையில் கூட இருந்தவர் அரூர் அக்கா. வேறு கம்பெனி, வேறு ஷிஃப்ட் சுற்று. எனக்கு வார லீவு ஞாயிறு. அவருக்கு மாறிக்கொண்டே இருக்கும். நான் சி ஷிஃப்ட் முடிந்து உள்ளே வரும்போது அவர் ஏ ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். அவர் திரும்பும்போது நான் தூங்குவேன், அல்லது பி ஷிஃப்ட்டில் இருப்பேன். ஒரே பாய், ஒரே தலையணை, ஒரே குக்கர். ஒரு மாதத்தில் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்றது சில வேளைகள்தான். அவர் முகத்தைவிட அவர் வைத்துவிட்டுப் போகும் புளிக்குழம்பு எனக்கு நன்றாகப் பழக்கம்.

போன் இருவரிடமும் இருந்தது. ஆனால் ஒருத்தி லைனில் இருக்கும்போது போன் லாக்கரில். மற்றவள் தூங்கும்போது அது சைலண்டில். அதனால் சீட்டு எழுத ஆரம்பித்தோம். நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். உப்பு ஜாடிக்கு அடியில் செருகி வைப்பது. முதலில் வெறும் குடும்ப நிர்வாகம். "மோர் பொங்கிடுச்சு, கொட்டிட்டேன்." "கேஸ் தீரப்போவுது, ஓனரம்மாகிட்ட சொல்லு." "தண்ணி கேனுக்கு முப்பது ரூபா நான் குடுத்தேன்." பிறகு ஒருநாள் தாளின் மூலை வரை நுணுக்கி எழுதியிருந்தார். அவர் கண்ட கனவு. ஊரில் அவர் வளர்த்த வெள்ளாடு கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்கிறது. கார்டைத் தேய்க்கிறது, கேட் திறக்கிறது. பின்னால் வந்த அக்கா தேய்த்தால் சிவப்பு விளக்கு. ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்குத் தூக்கக் கலக்கத்திலும் சிரிப்பு தாங்கவில்லை. அதன் கீழேயே எழுதி வைத்தேன்: "ஆட்டுக்கு பெர்மனெண்ட் ஆயிடுச்சுக்கா. ட்ரீட் கேளுங்க." அக்கா அப்போது அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்டில் மூன்றாவது வருஷம்.

அதற்கப்புறம் கனவுச் சீட்டு வழக்கமாகிவிட்டது. எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் வயர். கிணற்றுக்குள்ளிருந்து மஞ்சள் வயர் ஒன்று முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும். கனெக்டர் மட்டும் கிடைக்காது. வீட்டில் இருவரும் சேர்ந்து படுத்த ஓர் அபூர்வ இரவில், தூக்கத்திலேயே அக்காவின் காது ஜிமிக்கியைப் பிடித்துத் தள்ளி, இழுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. மறுநாள் உப்பு ஜாடிக்கு அடியில்: "என் காது ஓக்கே. கியூசி பாஸ்."

இது என் ஒருத்தியின் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். 2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் சிலரை டெட்ரிஸ் விளையாட வைத்து, தூக்கம் பிடிக்கும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டைகள் மேலிருந்து விழுவது தெரிகிறது என்றார்கள் பலர். நினைவு இழந்த நோயாளிகள் சிலரையும் விளையாட வைத்தார்கள். விளையாடியதே ஞாபகம் இல்லாத அவர்களிலும் சிலருக்குக் கட்டைகள் விழுந்தன. மனம் மறந்தாலும் வேலை தூக்கத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கம்பெனி எட்டு மணி நேரத்துக்குத்தான் சம்பளம் போடுகிறது. கனவில் கட்டிய வயருக்கு ஓ.டி. கேட்க வழியில்லை.

கண்ட கனவை ஏன் எழுதிக் காட்டத் தோன்றியது என்று யோசித்திருக்கிறேன். தனியே வைத்துக்கொண்டிருக்க முடியாத சரக்கு அது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம்தான் சொல்கிறாள். ஒரு காதைக்கே கனாத்திறம் உரைத்த காதை என்று பெயர். மதுரையில் பாண்டியன் தேவியும் தான் கண்டதை முதலில் தோழியிடம் சொல்கிறாள். ஆண்டாள் கண்ட கல்யாணக் கனவும் தோழிக்குச் சொன்னதுதான். நம் இலக்கியத்தில் பெண்கள் கண்ட பெரிய கனவுகள் எல்லாவற்றுக்கும் கேட்கிற ஆள் ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள். தேவந்திக்கு பி ஷிஃப்ட் போட்டிருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள்? எங்களுக்கு உப்பு ஜாடி இருந்தது.

கனவுக்குப் பலன் சொல்லும் வேலை ஓனரம்மாவுடையது. அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. முதல் ஜாமத்தில் கண்டால் பலிக்க ஒரு வருஷம் ஆகும், போகப் போகக் காலம் குறையும், விடியற்காலையில் கண்டது உடனே பலிக்கும். பழைய பஞ்சாங்கங்களிலும் இப்படித்தான் போட்டிருக்கும். ஒருநாள் நான் கேட்டேன், "காலையில எட்டு மணிக்குப் படுத்து, மத்தியானம் ஒரு மணிக்குக் கண்ட கனவுக்கு என்னம்மா கணக்கு?" பகல் கனவு பலிக்காது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை. "உனக்குப் பொழுது விடியறதே சாயங்காலம் மூணு மணிக்குத்தானே? அப்ப ஒரு மணின்னா அது விடியக்காலம். பலிக்கும், போ." ஷிஃப்ட் முறைக்கு இத்தனை சுலபமாகத் திருத்தம் கொண்டுவந்த ஒருவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

விடியற்காலை விஷயத்தில் விஞ்ஞானமும் ஓனரம்மா பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. தூக்கத்தில் கண்மணிகள் துடிக்கும் கட்டம் ஒன்று உண்டு என்பதை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டு எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வருகின்றன. ராத்திரித் தூக்கத்தில் அது பின்பாதியில், விடியலை ஒட்டித்தான் நீண்டு வரும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அப்படி. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது கனவுக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கும் வேளையில் நாங்கள் கிராம்பைக் கடித்துக்கொண்டு லைனில் நின்றோம். பகலில் வரும் தூக்கம் துண்டு துண்டானது. மீன்காரர் கூவுவார், பக்கத்து அறையில் மிக்ஸி ஓடும், கரண்ட் போய் ஃபேன் நிற்கும். கனவும் அதன்படி அறுந்து அறுந்து வரும். அக்காவின் சீட்டுகளில் பாதிக்கு மேல் 'அதுக்குள்ள முழிச்சிட்டேன்' என்றுதான் முடியும்.

என்னுடைய ஞாயிறும் அவருடைய லீவும் எப்போதாவது சேர்ந்து விழும். அப்படி விழுந்தால் ஷேர் ஆட்டோவில் திருமழிசை போவோம். ஜெகந்நாதப் பெருமாள் கோயில். ஓனரம்மாவும் வந்தால் கதை உறுதி. காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான்; சீடன் போனால் நானும் போவேன் என்றார் திருமழிசை ஆழ்வார்; போகிற போக்கில் வெஃகாவில் படுத்திருந்த பெருமாளையும், எழுந்து பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார்; பெருமாளும் வந்துவிட்டார். ராஜா அழுது கூப்பிட்ட பிறகு மூவரும் திரும்பினார்கள். திரும்பிப் படுத்ததில் பெருமாள் வழக்கத்துக்கு மாறாக இடம் வலம் மாறிப் படுத்துவிட்டார் என்பார்கள். "சாமியையே எழுப்பிக் கூட்டிட்டுப் போனவரு எங்க ஊர் ஆழ்வார்" என்று ஓனரம்மாவுக்குப் பெருமை. அரூர் அக்காவுக்கு வேறொன்று தோன்றியது. "ஒருத்தனுக்கு வேலை போச்சுன்னதும் மத்த ரெண்டு பேரும் பாயைச் சுருட்டிட்டாங்க பாரு. அப்பவே ஸ்டிரைக்கு."

வேலை போகிற காலமும் வந்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. உச்சத்தில் ஆயிரக்கணக்கான பேர், அதில் பெரும்பாலும் இளம்பெண்கள் வேலை செய்த இடம். அதை நம்பியிருந்த கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. எங்கள் லைன் வீட்டில் சில அறைகள் காலியாகி, கேட்டில் டு-லெட் அட்டை தொங்கியது. போனவர்கள் பாத்திரங்களை எங்களிடம் விட்டுவிட்டு, திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனார்கள். அக்காவுக்கும் கான்ட்ராக்ட் முடிந்து, வேறொரு இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். கனவில் ஆடு வருவது நின்றுபோனது என்று எழுதியிருந்தார்.

அடுத்த வருஷம் மழை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் செம்பரம்பாக்கத்தில் பெய்தது 47 சென்டிமீட்டர். கம்பெனி பஸ் வரவில்லை. கார் ஆலைகளே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது; பிறகு கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த லைன் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்பக்கம் ஒழுகியதால் எல்லோரும் முன் அறைகளுக்கு வந்து, பாய்களை ஒட்டி ஒட்டிப் போட்டோம். முதலில் தூங்கினோம். அலாரம் இல்லாத, யாரும் யாரையும் எழுப்பிவிட வேண்டியிராத தூக்கம். எழுந்தபோது பொழுது எதுவென்று தெரியவில்லை. ஓனரம்மா ஒரு அண்டாவில் கஞ்சி காய்ச்சியிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தோம். வருஷக்கணக்காகச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த செய்யாறு அக்காவுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் படத்தை எல்லோரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாங்கிப் பார்த்தோம். அரூர் அக்கா தன் கனவுகளை வாயால் சொல்லி நான் கேட்டது அந்த இரவில். எழுதியதைவிட நன்றாகச் சொன்னார்.

அதே இரவில்தான் எங்கள் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீரில் போயின. ஆட்கள் செத்தார்கள். நாங்கள் ஏரிக்குப் பக்கத்திலேயே படுத்து, இத்தனை வருஷத்தில் தூங்காத தூக்கமெல்லாம் தூங்கியிருக்கிறோம். டவர் வந்த பிறகு விஷயம் தெரிந்து யாருக்கும் பேச வாய் வரவில்லை. அந்த இரண்டு மூன்று நாட்களைச் சந்தோஷமான நாட்கள் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

2016-ல் நான் வேலையை விட்டு விழுப்புரம் வந்துவிட்டேன். இப்போது டி.டி.பி. சென்டரில் வேலை, ராத்திரித் தூக்கம். அரூர் அக்கா ஊரோடு போய்விட்டார். போனில் பேசுவோம். ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் என்று செய்தியில் வந்தால் கை வேலை நின்றுவிடும்.

2021 டிசம்பரில் அப்படி நின்றது. போன் ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது, அது உண்மையில்லை. டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பஸ் ஓடிய அதே சாலை. சம்பளம், சாப்பாடு, அறை என்று டி.வி.யில் காரணங்களை அடுக்கினார்கள். எல்லாம் சரிதான். எனக்குக் கேட்டது வேறொன்று: என்கூடத் தங்கியிருந்தவள் எங்கே, அவள் உயிரோடு இருக்கிறாளா? ஒரே அறையில் படுத்தும் முகம் பார்க்க நேரமில்லாமல் போனவர்கள், அவளைக் காணோம் என்றதும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த உறவு இல்லாமல் அத்தனை பேர் ராத்திரியில் ரோட்டில் உட்கார மாட்டார்கள்.

அதற்கப்புறம் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் மசோதாவை 2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் விடுதி திறந்தார்கள். 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்கும் இடம். அறைக்கு ஆறு பேர். லைன் வீட்டில் ஒழுகலில் படுத்தவள் என்ற முறையில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்த விடுதியிலும் மற்ற விடுதிகளிலும் அறை ஒதுக்குகிறவர்களிடமும், கம்பெனிகளில் ஷிஃப்ட் சார்ட் போடுகிற எச்.ஆர். அதிகாரிகளிடமும். காலியாக இருக்கும் கட்டிலில் அடுத்த பெயரை எழுதாதீர்கள். ஒரே ஷிஃப்ட் சுற்றில் வருகிறவர்களை ஒரே அறையில் போடுங்கள். நைட் முடித்து வருகிறவள் தூங்கும்போது அந்த அறையில் யாரும் தலைசீவிக் கிளம்ப வேண்டியிருக்காது. அது முடியாதென்றால், ஓர் அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் மாதத்தில் ஒரு லீவு நாளாவது பொதுவாக விழட்டும். இதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டாம். சார்ட் போடுகிறவர் கம்ப்யூட்டர் முன்னால் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.